டாக்டர் பந்தியில் இருக்கிறார்

ஆலடிச்சேரியில் உள்ள போன்களெல்லாம், யார் எதைக் கேட்டாலும், ஒரே விலாசத்தைச் சொல்லத் தொடங்கியது ஒரு புதன்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு. அன்றைக்கு மழையும் இல்லை, இடியும் இல்லை, கரண்டுகூடப் போகவில்லை. பல்வலி மாத்திரை எங்கே கிடைக்கும் என்று தேடியவருக்கும், பசுமாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவரைத் தேடியவருக்கும், கல்யாண மண்டபம் தேடிய பெண்வீட்டாருக்கும், யார் கண்ணிலும் படாமல் லாட்ஜ் தேடிய ஒரு ஜோடிக்கும் போன் ஒரே நிதானத்தோடு சொன்னது: "அனவரதம் அண்ணாச்சி வீடு, மேலத்தெரு. டாக்டர் பந்தியில் இருக்கிறார்."

அது எந்த டாக்டர், எந்தப் பந்தி என்று கேட்டவுடனே புரிந்தது ஊரில் இரண்டு பேருக்குத்தான். ஒருவர் அந்த வீட்டுக்காரர். இன்னொருத்தி கீழக்காலனி செல்லக்கனி. அவள் அப்போது கவட்டை முக்கில், வெயிலில், போனைக் காதருகே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். போன் சொன்னதை ஒரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய், எட்டு வருஷத்துக்கப்புறம் முதல்முறையாக வயிறு நிறையச் சோறு தின்றாள்.

போன்கள் வருவதற்கு முன்னால் ஆலடிச்சேரியில் வழி சொல்ல அனவரதம்தான் இருந்தார். பஸ் வரும் ரோடு கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிற முக்கில் அவருடைய பாத்திரக்கடை இருந்தது. கடை வாசலில் ஒரு இரும்பு நாற்காலி, நாற்காலியில் அவர். யார் வந்து எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். முதலில் இரண்டு கேள்வி கேட்பார்: "எங்கேருந்து வாரிய? என்ன விசயமா?" அந்த இரண்டுக்கும் கிடைக்கிற பதிலை வைத்துத்தான் அவர் விரல் எந்தப் பக்கம் நீளும் என்பது தீர்மானமாகும். பளபளப்பான செருப்புப் போட்டவர் காபிக்கடை எங்கே என்றால் ஃபேன் ஓடுகிற ஓட்டலைக் காட்டுவார். லோடு இறக்குகிறவர் அதையே கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகச் சொல்வார். நிறைமாதப் பெண் கோயிலுக்கு வழி கேட்டால் படி இல்லாத பாதையைச் சொல்வார். ஒரு பையன் பதிவு ஆபீஸ் எங்கே என்று கேட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் தலை குனிந்து நின்றால், "இன்னைக்கு லீவு தம்பி" என்று சொல்லிவிட்டு, அவர்கள் அந்தப்பக்கம் திரும்பியதும் பெண் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். கேட்ட வார்த்தைக்கு அவர் பதில் சொன்னதே இல்லை. கேட்ட ஆளுக்குத்தான் பதில். "அண்ணாச்சி மனசைப் படிச்சுல்லா வழி சொல்லுவாவ" என்று ஊர் அவரைப் பெருமையாகப் பேசியது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமைதான் அதுவும், செல்லக்கனியின் மகள் வள்ளிமயில் விறகு பொறுக்கப் போன இடத்தில் காலில் ஏதோ குத்திற்று என்று வந்தாள். முள் என்று நினைத்து மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். மதியத்துக்குள் பிள்ளைக்கு இமை திறக்க முடியவில்லை. செல்லக்கனியும் புருஷன் தங்கமுடியும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. டாக்டர் எட்வின் எங்கே போனார் என்று அங்கே சொல்ல ஆள் இல்லை. கவட்டை முக்குக்கு ஓடினார்கள்.

அன்றைக்கு அனவரதம் வீட்டில் பேரனுக்குக் காது குத்து. பந்திக்கு வாளி போதவில்லை என்று பட்டு வேட்டியோடு கடையைத் திறந்து இரண்டு சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டாக்டரு எங்க அண்ணாச்சி?" என்றான் தங்கமுடி.

"எந்தத் தெரு நீ?"

"கீழக்காலனி அண்ணாச்சி."

"என்ன விசயம்?"

"பிள்ளைய பாம்பு கடிச்சிட்டு அண்ணாச்சி!"

அனவரதம் பிள்ளையின் காலைப் பார்த்தார். கையிலிருந்த வாளிகளைப் பார்த்தார். கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்று நாற்பது. டாக்டர் எங்கே என்று சொன்னால் இவர்கள் இந்தக் கோலத்தில் மேலத்தெருவுக்குள் நுழைந்து, பந்தலுக்குள் வந்து, சம்பந்தக்காரர்கள் பார்க்க இலைக்கு முன்னால் நிற்பார்கள் என்பதை அவர் மனக்கண் காட்டியிருக்க வேண்டும். "டாக்டரு ஊர்ல இல்ல" என்றார். "டவுனுக்குக் கொண்டு போ."

டவுன் பதினாலு மைல். ஊர் எல்லை தாண்டியதுமே ரயில்வே கேட். கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. செல்லக்கனியின் மடியில் கிடந்த வள்ளிமயில், கண் திறக்காமலே, சத்தத்தை வைத்துப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள். அது அவளுக்கு எப்போதும் உள்ள விளையாட்டு. ஒன்று, ரெண்டு, மூணு என்று நாக்குக் குழற எண்ணிக்கொண்டே வந்தவள் முப்பத்தொன்றில் நிறுத்திவிட்டாள். வண்டி நிற்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் சொர்ணம் வந்து அழுதாள். அவள் அந்த விசேஷத்துக்குப் பாத்திரம் கழுவப் போயிருந்தவள். "டாக்டரு எம் முன்னாலதான் பந்தியில உக்காந்து பாயாசம் குடிச்சிட்டு இருந்தாவ. நீ ஏன்டி அங்க வரல?"

செல்லக்கனி எழுந்து நேரே கவட்டை முக்குக்குப் போனாள். கத்தவில்லை, மண்ணை அள்ளவில்லை. நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, "அண்ணாச்சி, ஒரு நாள் நீங்க எங்கிட்ட வழி கேப்பிய" என்றாள்.

அனவரதம் சிரித்தார். "எனக்கா? இந்த ஊர்லயா? போ பிள்ளே."

அவளுக்கு அப்போதிலிருந்து வேறு ஆசை இல்லை. தங்கமுடி கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போனவன் அங்கேயே இருந்துகொண்டான். அவள் நைட்டிக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டு, அந்த ஒரு நாளுக்காகத் தன் உடம்பை நோய்நொடி வராமல் பார்த்துக்கொண்டாள். அனவரதத்துக்குச் சின்னத் தும்மல் வந்தாலும் அவளுக்குப் பதறும். வழி கேட்காமலே செத்துப்போய்விட்டால் என்ன செய்வது?

அப்புறம் போன்கள் வந்தன. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியைத் தாண்டிப் போனார்கள். அனவரதம் கூப்பிட்டுக் கேட்டாலும் நிற்கவில்லை. செல்போன் கடை ரஹ்மத்திடம் செல்லக்கனி கேட்டாள், அது எப்படி இந்தப் பெட்டிக்கு வழி தெரியும் என்று.

"அக்கா, நீ சொல்ற வார்த்தையை மட்டும் அது பாக்காது" என்றான் ரஹ்மத். "எங்க நின்னு கேக்க, எதுக்காகக் கேக்கன்னு ரெண்டையும் பாக்கும். காபின்னு சும்மா சொல்லு, பக்கத்துல இருக்கிற கடையைக் காட்டும். காபிக்கொட்டை எந்த நாட்டுல விளையுதுன்னு பாடம் எடுக்காது. ஒனக்கு என்ன வேணும்னு அதுவே யோசிச்சிக்கிடும். நம்ம அனவரதம் அண்ணாச்சி மாதிரின்னு வெச்சிக்கோயேன்."

செல்லக்கனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே ஒரு போன் வாங்கினாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி அடிக்கப் பொறுமை இல்லை. பேசினால் போதும் என்று ரஹ்மத் காட்டிக் கொடுத்தான். மறுநாள் ஒன்று நாற்பதுக்குக் கவட்டை முக்கில், தங்கமுடி நின்ற அதே இடத்தில் நின்று, "பாம்பு கடிச்ச பிள்ளைக்கு டாக்டரு எங்க?" என்று கேட்டாள்.

முதலில் அது பாம்பு வகைகளைச் சொன்னது. பிறகு சென்னையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளைச் சொன்னது. அவள் நாள் தவறாமல் வந்தாள். காய்ச்சலோடு வந்தாள், தீபாவளியன்று வந்தாள், மகளின் திதியன்று வந்தாள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கேள்வி. போன் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. மாவட்டத்துக்கு வந்தது, டவுனுக்கு வந்தது, ஆலடிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தது, பூட்டிய கதவுக்கு முன்னால் கொஞ்ச மாதம் நின்றது. ஆறு வருஷம் ஆனது அதற்கு. ஆறு வருஷம் முடிந்த புதன்கிழமை அது மேலத்தெருவுக்குள் நுழைந்து, பந்தலுக்குள் போய், டாக்டரைப் பார்த்துவிட்டது. பார்த்ததை ஊருக்கே சொல்லவும் ஆரம்பித்துவிட்டது.

முதல் வாரம் அனவரதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆள் இல்லாமல் துருப்பிடித்துக் கிடந்த நாற்காலியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். பல்வலிக்காரர், மாட்டுக்காரர், பெண்வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்து, "எங்கேருந்து வாரிய? என்ன விசயமா?" என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார். "பாத்தியளா, போனுக்கே தெரியாம எங்கிட்ட அனுப்புது" என்றார். அது என்ன டாக்டர், என்ன பந்தி என்று யாராவது கேட்டால், "அது கெடக்கு, மிஷினுதானே" என்பார். ஆனால் அவர் மருமகளுக்கு அந்தக் காது குத்தில் யார் யார் எந்த இலையில் உட்கார்ந்தார்கள் என்று நன்றாக நினைவிருந்தது. அன்றைக்குச் செத்த பிள்ளையையும் நினைவிருந்தது. ஒரு நாள் காலையில் அவள் மாமனாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். டாக்டர் எட்வின் தன்னுடைய போனில் அந்த வரியைக் கேட்டார். ஒரு வாரத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மற்றபடி ஊர் அதைப் பழகிக்கொண்டது. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் போன்கள் சரியாகப் பேசுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அவசரம் உள்ளவர்கள் பாலத்தைத் தாண்டிப்போய் நின்று கேட்டுவிட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில், பச்சையம் எங்கே இருக்கிறது என்ற வீட்டுப்பாடக் கேள்விக்கு ஏழாம் வகுப்பு முழுவதும் 'அனவரதம் அண்ணாச்சி வீடு, மேலத்தெரு' என்று எழுதிக்கொண்டு வந்தது. அவர் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்பதால் டீச்சர் பாதி மார்க் போட்டார். மண்டபம் தேடி வந்த பெண்வீட்டாரும் பந்தல்காரரைத் தேடி வந்த மாப்பிள்ளை வீட்டாரும் அந்த வாசலிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு புத்திசாலி யோசித்தான்: போன் சொல்வதை மாற்ற முடியாது, ஆனால் போன் சொல்கிற இடத்திலேயே மருந்துக்கடையை வைத்துவிட்டால் போன் சொன்னது சரிதானே? அனவரதம் வீட்டு மதிலை ஒட்டி மருந்துக்கடை வந்தது. அதையொட்டி மாட்டுத்தீவனக் கடை, தேங்காய்க் கடை, காய்கறிக் கடை, ஜெராக்ஸ். பஸ்ஸும் திரும்பி அந்தத் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. ஒரு வருஷத்துக்குள் ஆலடிச்சேரி முழுக்க இடம் பெயர்ந்து அனவரதம் வாசலில் குவிந்துவிட்டது. அவர் வீட்டுக்குள் போக மூட்டைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். "தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, யாவாரத்தை மறைக்கிய" என்று தேங்காய்க்காரி அவரையே விரட்டினாள்.

டாக்டர் பந்தியில் இருக்கிறார் என்று ஒரு நாளைக்கு ஆயிரம் வாய் அந்தத் தெருவில் சொன்னது. எந்த டாக்டர் என்று இப்போது ஒரு வாயும் கேட்கவில்லை.

"எம் பிள்ளை உசுருக்குக் கேட்ட கேள்வி சொர்ணம்" என்றாள் செல்லக்கனி, பல்லைக் கடித்துக்கொண்டு. "அதை வெச்சிச் சந்தை போட்டுட்டானுவ."

காலியாகக் கிடந்த கவட்டை முக்கில் அவள் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து நைட்டி தைக்கத் தொடங்கினாள். பாலம் வரைக்கும் போய்க் கேட்க முடியாத வெளியூர்க்காரர்கள் அவளிடம் வழி கேட்டார்கள். அவள் யாரையும் எங்கேருந்து வாரிய என்று கேட்டதில்லை, எதற்கு என்று கேட்டதில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். பதிவு ஆபீஸ் கேட்ட ஜோடிகளுக்குக் குறுக்குவழி சொன்னாள். அந்த இரண்டு கேள்வியையும் ஒரே ஒரு ஆளுக்காக வாய்க்குள் பொத்தி வைத்திருந்தாள்.

புதிதாக வந்த டாக்டர் நசீமாவும், தன் ஆஸ்பத்திரி எங்கே என்று போனில் தேடி, மேலத்தெருச் சந்தையில் மாட்டிக்கொண்டு அலைந்து, கடைசியில் அவளிடம்தான் வழி கேட்டாள். அதிலிருந்து ஒரு பழக்கம். மாதத்தில் இரண்டு புதன்கிழமை கீழக்காலனி அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி. முடிந்ததும் செல்லக்கனி வீட்டில் கருவாட்டுக் குழம்பு. இலையைப் போட்டு, குழம்பை ஊற்றி, "வேணுங்கிறத எடுத்துப் போட்டுக்க தாயீ" என்று சொல்லிவிட்டு, ஒன்று நாற்பதுக்குச் செல்லக்கனி முக்குக்கு வந்துவிடுவாள்.

அப்படியொரு புதன்கிழமைதான் நடந்தது. அனவரதம் வீட்டு மதிலோரம் வைக்கோல், சாக்கு, அழுகின தக்காளி என்று குவிந்து கிடந்ததில் எலி பெருத்திருந்தது. எலிக்குப் பின்னாலேயே வருவதும் வந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்த அனவரதம், "ஐயோ" என்றார்.

சந்தை முழுக்கக் கூடிவிட்டது. எல்லோரும் போனை எடுத்தார்கள். எல்லாப் போனும் சொல்லிற்று.

"அண்ணாச்சி, டாக்டரு ஒங்க வீட்டுக்குள்ளதான் இருக்காவளாம்" என்றான் மருந்துக்கடைக்காரன்.

"எலேய், வெளையாடுத நேரமால இது!"

"போன்ல போட்டிருக்கே அண்ணாச்சி. உள்ள நல்லாப் பாத்தியளா?"

இரண்டு பேர் உண்மையாகவே உள்ளே போய், அடுக்களை வரைக்கும் தேடிவிட்டு வந்தார்கள். பிச்சுமணியின் ஆட்டோவில் அவரை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. விஷமுறிவு மருந்து உள்ளே ஐஸ் பெட்டியில், சாவி நசீமாவின் கைப்பையில், அவள் நம்பர் அங்கே யாரிடமும் இல்லை. பிச்சுமணி ஹாரனை அழுத்திக்கொண்டே கவட்டை முக்குக்கு விட்டான்.

செல்லக்கனி நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

ஆட்டோவுக்குள்ளிருந்து அனவரதம் கேட்டார். "டாக்டரம்மா எங்க?"

ஒன்பது வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததை அவள் அவசரப்பட்டு எடுக்கவில்லை. "எங்கேருந்து வாரிய அண்ணாச்சி?"

"என்னையத் தெரியாதா பிள்ளே ஒனக்கு?"

"தெரியும். எங்கேருந்து வாரிய?"

"மேலத்தெரு."

"என்ன விசயமா?"

அவர் வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினார். அவள் காலைப் பார்த்தாள். கையிலிருந்த நைட்டியைப் பார்த்தாள். போனில் மணி பார்த்தாள், ஒன்று நாற்பது.

"டாக்டரு பந்தியில இருக்காவ" என்றாள்.

"எந்தப் பந்தி?"

"எங்க வீட்டுல. கீழக்காலனியில, மூணாவது வீடு. நான் போட்ட இலையில, எங் கருவாட்டுக் குழம்பு ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ. ஆட்டோவுல ஒரு நிமிசம்."

அனவரதம் அவள் முகத்தைப் பார்த்தார். ஆயுசு முழுக்க ஆள் முகத்தைப் பார்த்து, எங்கிருந்து, எதற்கு என்று படித்தே வழி சொன்னவர், இப்போது அந்த முகத்தைப் படித்தார். அவர் சாவதை அவள் விரும்புகிறாள் என்பது அதில் அச்சடித்த மாதிரி இருந்தது. அதை அவர் சரியாகவே படித்தார். டாக்டர் படிப்பு படித்தவள், கீழக்காலனியில், இவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கருவாடு தின்கிறாளாம். தான் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அவருக்குத் தெரியும். சொன்னவர்தானே.

"போன் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் கேலி பண்ணுதியா?" என்றார். "பிச்சுமணி, டவுனுக்கு விடுல."

"அண்ணாச்சி, இந்தக்கா இதுவரைக்கும் யாருக்கும் தப்பு வழி சொன்னதில்ல..."

"விடுலங்கேன்!"

செல்லக்கனி, இன்றைக்குத் தடுப்பூசி நாள் என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். அங்கன்வாடி வாசலில் நிற்கிற டாக்டரின் ஸ்கூட்டரைக் கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். அங்கிருந்தே அதன் சிவப்புத் தெரியும். வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் பெண்ணை எச்சில் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவள் செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. பதிலில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே கிழக்கே போயிற்று. அவள் ஊசியில் நூல் கோத்தாள். கொஞ்ச நேரத்தில் ரயில்வே கேட் பக்கமிருந்து கூட்ஸ் வண்டியின் ஊளை கேட்டது. பிறகு தடக், தடக் என்று பெட்டிகள் கடக்கிற சத்தம், வெயிலில் தெளிவாக. செல்லக்கனி தைப்பதை நிறுத்திவிட்டு எண்ணினாள். முப்பத்தொன்று வரைக்கும் எண்ணினாள். வண்டி அதற்கப்புறமும் போய்க்கொண்டிருந்தது. அதற்குமேல் எண்ண அவளுக்குத் தேவை இருக்கவில்லை.

அந்த நேரத்தில் மேலத்தெருவில் பல்வலி மாத்திரை தேடிய ஒருவருக்குப் போன் மருந்துக்கடையையே காட்டியது. மருந்துக்கடை அனவரதம் வீட்டு மதிலோடு இருந்ததால் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து ஆட்டோ திரும்பி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை, வேகமும் இல்லை. பிச்சுமணி முக்கில் நிறுத்தவில்லை. அவளைப் பார்க்காமல் மேலத்தெருப் பக்கம் ஒடித்துத் திருப்பினான்.

அவள் மடியில் கிடந்த போன் தானாக வெளிச்சமானது. இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றை, அதே நிதானத்தோடு, அவளிடம் கேட்டது.

"இந்தப் பதில் உங்களுக்கு உதவியாக இருந்ததா?"

"இருந்தது" என்றாள் செல்லக்கனி.